லுக்லாவில் இறங்குவது எப்படி: சிமுலேட்டரில் கண்ணை விட எண்ணை நம்புங்கள்

நேபாளத்தின் லுக்லா (டென்சிங்-ஹிலாரி) விமான நிலையத்தில் ஓடுபாதையின் நீளம் வெறும் 527 மீட்டர். உயரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 9,300 அடி. சரிவு 11.7 சதவீதம் என்பதால் கீழ்முனைக்கும் மேல்முனைக்கும் இடையே ஏறத்தாழ 60 மீட்டர், அதாவது 200 அடி வித்தியாசம் இருக்கிறது. கீழ்முனைக்கு முன்னால் அதலபாதாளம், மேல்முனையில் மதில், அதற்குப் பின்னால் மலை. அதனால் இறங்குவது 06 திசையில் (திசைகாட்டியில் சுமார் 060 டிகிரி) மேல்நோக்கி. கிளம்புவது 24 திசையில் (சுமார் 240 டிகிரி) கீழ்நோக்கி. ஐஎல்எஸ் (ரேடியோ அலையால் இறங்கும் பாதையைக் காட்டும் கருவி) கிடையாது, எல்லாம் கண்பார்வையில்தான்.

சிமுலேட்டரில், அதாவது கணினியில் விமானம் ஓட்டும்போது, இங்கே திரும்பத் திரும்ப மோதுபவர்கள் தங்கள் கை பழகவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் கையில் குறையில்லை. அந்தச் சரிவு கண்ணை ஏமாற்றுகிறது. எத்தனை முறை பறந்தாலும் அந்த ஏமாற்றம் போகாது. சில எண்களை மனப்பாடம் செய்துகொண்டால் மட்டுமே அதைச் சமாளிக்க முடியும்.

முதலில் அமைப்பு

மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் லுக்லா கையால் வடிவமைக்கப்பட்ட நிலையம். சரிவு அப்படியே இருக்கும். எக்ஸ்-பிளேன் என்ற மற்றொரு சிமுலேட்டரை வைத்திருப்பவர்கள், ஓடுபாதை நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றும் தேர்வு அமைப்புகளில் இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஓடுபாதை தட்டையாகிவிடும், பயிற்சிக்கு அர்த்தமில்லை.

நிஜத்தில் அங்கே போய்வருபவை ட்வின் ஆட்டர், டார்னியர் 228, எல்-410. ஆனால் அடிப்படைப் பதிப்பிலேயே கிடைப்பது செஸ்னா 208பி கேரவன், அதனால் கீழே உள்ள வேகங்கள் எல்லாம் கேரவனுக்கானவை. செஸ்னா 172-இல் தொடங்காதீர்கள். அந்த உயரத்தில் அதன் இன்ஜினுக்கு நான்கில் மூன்று பங்கு வலுகூடக் கிடைக்காது. போதாக்குறைக்கு மிக்ஸ்சர் லீவரை (எரிபொருள்-காற்றுக் கலவையை மாற்றும் கைப்பிடி) முழுவதும் உள்ளே தள்ளி வைத்துவிட்டு, ஏன் ஏறவில்லை என்று தேடுவதிலேயே நேரம் போய்விடும்.

எரிபொருள் 30 முதல் 40 சதவீதம், சரக்கு வேண்டாம். வானிலையை நேரடி வானிலையில் விடாமல் தெளிந்த வானம், காற்றில்லை, 5 டிகிரி என்று நீங்களே வையுங்கள். நேரம் உள்ளூர்க் காலை 7 மணி. காக்பிட் ஜூம் அளவை ஒருமுறை தேர்ந்தெடுத்தபின் மாற்றவே கூடாது. அகலப் பார்வையில் ஓடுபாதை சிறுத்துத் தூரத்தில் தெரியும். ஒவ்வொரு முறையும் ஜூம் மாறினால் எதுவும் மனதில் பதியாது.

அடுத்து, புறப்படும் இடமாக 06-ஐத் தேர்ந்தெடுங்கள். விமானம் கீழ்முனையில் நிற்கும். 'பி' விசையை அழுத்தி அல்டிமீட்டரை (உயரமானி) சரிசெய்துவிட்டு எண்ணைப் பாருங்கள். 9,100-ஐ ஒட்டி இருக்கும். வருகைக் கணக்கு முழுவதும் இந்த எண்ணிலிருந்துதான்.

பள்ளத்தாக்கில் வேகமும் வட்டமும்

இப்போது 24-இலிருந்து கிளம்புங்கள். ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பு மடல்) 20, பிரேக்கைப் பிடித்தபடி வலுவை ஏற்றி, ஐடிடி (இன்ஜினின் உள்வெப்பநிலை) சிவப்புக் கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு பிரேக்கை விடுங்கள். கிளம்பியதும் இடப்பக்கம் திரும்பி தூத் கோசி ஆற்றின் போக்கில் தெற்கே போனால், அதே வழியில் திரும்பி வந்து இறங்கப் பழகலாம்.

திரும்பும்போதுதான் பலர் மலையில் மோதுகிறார்கள். காரணம் வேகம். 30 டிகிரி சாய்வில் உண்மை வேகம் 140 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், சுமார் 1.85 கிலோமீட்டர்) என்றால் திரும்பும் வட்டத்தின் விட்டம் சுமார் 1.8 கிலோமீட்டர், 100 நாட் என்றால் ஏறத்தாழ 930 மீட்டர். பாதி இடம் மிச்சம்! ஆகவே முதலில் வேகத்தைக் குறையுங்கள், பிறகு திரும்புங்கள். பள்ளத்தாக்கின் நடுவில் பறக்காமல் ஒரு பக்கச் சுவரை ஒட்டிப் பறந்தால் மறுபக்கம் முழுவதும் திரும்பக் கிடைக்கும்.

கருவி காட்டும் வேகம் வேறு, காற்றில் உண்மை வேகம் வேறு என்பதையும் மறக்க வேண்டாம். அந்த உயரத்தில் கருவி 80 நாட் காட்டும்போது உண்மை வேகம் 92-ஐத் தாண்டிவிடும். எல்லாம் வேகமாக நெருங்குவதுபோலத் தோன்றினாலும் 80-க்குக் கீழே குறைக்காதீர்கள்.

இறங்கும் கணக்கு

காக்பிட்டில் உள்ள ஜி1000 வழிகாட்டித் திரையில் லுக்லாவை நேரடி இலக்காக (நிலையக் குறியீடு வி.என்.எல்.கே) வைத்துத் தூரத்தைப் பாருங்கள். ஐந்து கடல் மைலில் 11,000 அடி, 100 நாட், ஃபிளாப் 20, ப்ரொப்பெல்லர் லீவர் முழுவதும் முன்னால். வலப்பக்கம் திரும்பி 060-இல் நேராகுங்கள். அதன்பின் கீழ்முனை உயரத்தோடு ஒரு கடல் மைலுக்கு 400 அடி:

3 கடல் மைல்: 10,300 அடி, ஃபிளாப் 30
2 கடல் மைல்: 9,900 அடி, 85 நாட்
1 கடல் மைல்: 9,500 அடி, 80 முதல் 85 நாட்

நிமிடத்துக்கு 600 அடி இறக்கம் வைத்தால் இந்தக் கோடு தானாகவே அமையும்.

இந்த எண்கள் சரியாக இருக்கும்போதே, கண்ணாடிக்கு வெளியே பார்த்தால் நீங்கள் மிக உயரத்தில் இருப்பதாகத் தோன்றும். ஓடுபாதை நிமிர்ந்து நிற்பதால் நீளமாகத் தெரிகிறது. சமதள ஓடுபாதையை மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. உடனே கை த்ராட்டிலை (இன்ஜின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி) குறைக்கும். அடுத்த அரை நிமிடத்தில் ஓடுபாதைக்கு முன்னால் உள்ள பாறையில் மோதுவீர்கள். நிஜத்தில் இந்தப் பாறை எவ்வளவு கொடியது என்பதற்கு 2008 அக்டோபர் 8 விபத்து சாட்சி. மூடுபனியில் வந்த ட்வின் ஆட்டர் ஓடுபாதைக்குச் சற்று முன்பே மோதி 18 பேர் இறந்தார்கள். எனவே 'உயரமாகத் தெரிகிறதே' என்ற எண்ணம் வரும்போதெல்லாம் அல்டிமீட்டரையும் தூரத்தையும் பாருங்கள். குறிவைக்கும் புள்ளியும் விளிம்பில் வேண்டாம். ஓடுபாதையின் கால்வாசித் தூரத்தில் வையுங்கள்.

தொடும் நொடி

தரைவேகம் 90 நாட்டில் ஓடுபாதைக்கு மேல் மட்டமாகப் பறந்தால்கூட, அந்தச் சரிவு நிமிடத்துக்கு ஆயிரம் அடிக்கு மேல் உங்களை நோக்கி ஏறி வருகிறது. சாதாரண ஓடுபாதையில் செய்வதுபோல இறக்கத்தை நிறுத்தி மட்டமாக்கினால், அதுவே பலத்த மோதல். மென்மையாகத் தொட வேண்டுமானால் விமானம் சரிவுக்கு இணையாக ஏறிக்கொண்டிருக்க வேண்டும். பாதை மாற வேண்டியது 10 டிகிரிக்கு மேல்.

அதற்கு வலுவும் வேகமும் கையில் இருக்க வேண்டும். விளிம்பை 85 நாட்டில் கடந்து, 50 அல்லது 60 அடி உயரத்திலேயே மூக்கைத் தூக்கத் தொடங்குங்கள். ஒரே இழுப்பாக வேண்டாம்; சக்கரம் தொடும் நேரத்தில் மூக்கு ஓடுபாதையின் மேல்முனையைப் பார்க்கும் அளவுக்குச் சீராக. தொடும்வரை த்ராட்டிலை மூடாதீர்கள். முன்னதாக மூடினால் வேகம் சட்டென்று விழுந்து, பின்பகுதி தரையில் அடிக்கும் அல்லது விமானம் பொத்தென்று விழும்.

தொட்ட பிறகு ரிவர்ஸ் (ப்ரொப்பெல்லரை எதிர்த்திசையில் தள்ளவைத்து வேகத்தைக் குறைப்பது) அநேகமாகத் தேவைப்படாது, ஏற்றமே நிறுத்திவிடும். நடுச்சரிவில் நின்றுவிட்டால்தான் தொல்லை: பிரேக்கை விட்டதும் பின்னோக்கி உருளும். ஓட்டம் இருக்கும்போதே மீண்டும் வலு கொடுத்து மேலே உள்ள நிறுத்துமிடம்வரை கொண்டு போய்விடுங்கள்.

எப்போது விலகுவது

இரண்டு கடல் மைலில் முடிவு எடுத்துவிட வேண்டும். உயரம் 100 அடிக்கு மேல் பிசகினாலோ, வேகம் 90-ஐத் தாண்டினாலோ, ஓடுபாதை தெளிவாகத் தெரியாவிட்டாலோ முழு வலு கொடுத்து, ஃபிளாப்பை 20-க்குக் கொண்டுவந்து, ஆறு இருக்கும் இடப்பக்கம் திரும்பி வந்த வழியே வெளியேறுங்கள். இரண்டு கடல் மைலைத் தாண்டிவிட்டால் முன்னால் இருப்பது மலை மட்டும். சிமுலேட்டர்தானே என்று ஒரு கடல் மைலில் விலகிப் பழகினால் அது தவறான பழக்கமாகவே ஊறிவிடும்.

அமைதியான காற்றில் தொடர்ந்து ஐந்து முறை சரியாக இறங்கிய பிறகு 240 திசையிலிருந்து 5 நாட் காற்றைச் சேருங்கள், பிறகு 10. பகல் ஏற ஏறப் பள்ளத்தாக்கில் காற்று மேல்நோக்கி வீசும். 06-இல் இறங்குபவருக்கு அது முதுகுக் காற்று. நிஜ விமானங்கள் காலையிலேயே போய்வர இதுவும் ஒரு காரணம். தரைவேகம் கூடுவதால் அதே கோட்டில் வர இறக்க வேகத்தையும் கூட்ட வேண்டும்: 10 நாட்டுக்கு நிமிடத்துக்குச் சுமார் 65 அடி.

அதுவும் கைவந்தபின் காத்மாண்டுவிலிருந்து முழுப் பயணம். 13,500 அடியில் போனால் சுமார் 11,600 அடி உயர லாம்ஜுரா கணவாயைத் தாராளமாகத் தாண்டலாம். தாண்டியதும் 120 நாட்டில் நிமிடத்துக்கு 600 அடி வீதம் இறக்கத் தொடங்குங்கள். அங்கே தாமதித்தால் ஐந்து கடல் மைலில் 11,000 அடி என்ற முதல் எண்ணே தவறிவிடும். அப்போது இறங்க முயலாமல் பள்ளத்தாக்கின் தெற்கே ஒரு சுற்று சுற்றி உயரத்தைக் குறைத்துக்கொண்டு வாருங்கள்.