எல்க் மானின் பின்தொடை உள்ளே கெடாமல் இருக்க

வேட்டையில் எல்க்கை வீழ்த்தியதும் தோலை உரித்து, பின்தொடைகளைப் பிரித்தெடுத்து, உட்புறமாகத் தொடை எலும்பின் நீளம் முழுக்கக் கத்தியால் கீறி எலும்பு தெரியும்வரை சதையைத் திறந்துவிடுங்கள். இடுப்பு மூட்டுப் பக்கம் இன்னும் கவனமாக. பிறகு காற்றுப் புகும் துணிப்பையில் போட்டு, நிழலான கிளையில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பை கூடவே கூடாது.

வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். அத்தனை கனமான தொடையில், இரவில் உறைபனி விழுந்தாலும் எலும்பை ஒட்டிய சூடு லேசில் இறங்காது. அந்தச் சூட்டில் பாக்டீரியா பெருகி, இறைச்சி உள்ளிருந்தே புளித்துவிடும். வெளிப்பார்வைக்கு நன்றாகவே இருக்கும், வெட்டும்போதுதான் நாற்றம் தெரியும்.

பகலில் வெயில் கடுமையாக இருந்தாலோ, மலையிறங்க நெடுந்தூரம் இருந்தாலோ கீறல் மட்டும் போதாது. எலும்பை முழுவதும் உருவிவிடுங்கள். இறந்த விலங்கின் உடல் விறைக்குமுன் உருவினால் சதை சுருங்கிச் சற்றுக் கடினமாகும், ஆனாலும் கெட்டுப்போவதைவிட அது மேல். அமெரிக்காவின் கொலராடோ போன்ற மாநிலங்களில் பாலின அடையாளம் (ஆணா பெண்ணா என்று காட்டும் விதைப்பை, மடி போன்ற உறுப்பு) இறைச்சியோடு இயல்பாக ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். கத்தி அங்கே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.