பில்ட்-இன் காபி மெஷின்: முதலில் தண்ணீர், பிறகு தச்சுவேலை, கடைசியில்தான் மெஷின்

சுவரோடு பதிக்கும் காபி மெஷின் பெரும்பாலும் இரண்டு லட்சத்தைத் தாண்டும். ஷோரூமில் பட்டனைத் தொட்டால் கப்புசினோ வரும். வீட்டுக்கு வந்த ஆறாவது மாதம் அதே மெஷின் காபியைச் சொட்டுச் சொட்டாக விடும், பால் நுரைக்காது, சுத்தம் செய்ய இழுத்தால் டால் யூனிட் என்ற உயர அலமாரியிலிருந்து வெளியே வராது. புகார் மெஷின் மேல் போகும். கோளாறு பெரும்பாலும் தண்ணீரிலோ, பாலிலோ, கார்பென்டரின் டேப்பிலோதான் இருக்கும். பெங்களூரு அப்பார்ட்மென்ட்களில் இது இன்னும் பொருந்தும்.

டிடிஎஸ் மீட்டரை நம்புவது

பெங்களூருவில் குழாயைத் திறந்தால் வருவது ஒரே தண்ணீர் அல்ல. காவிரி, போர்வெல், டேங்கர் எல்லாம் சம்ப்பில் கலக்கின்றன; கலவை மாதாமாதம் மாறும். 2024 கோடையில் டேங்கரை மட்டுமே நம்பியிருந்த வீடுகள் ஏராளம். அதே ஆண்டு அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கியதும் புறநகரின் 110 கிராமப் பகுதிகளுக்குக் காவிரி வர வழி பிறந்தது. பொருத்திய அன்று மெஷினில் ஒருமுறை அமைத்த தண்ணீர் செட்டிங்கை அப்படியே விட்டுவைப்பது இங்கே சரிவராது.

மெஷினுக்குப் பகை தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மக்னீசியமும். சூடானதும் இவை ஹீட்டரின் மெல்லிய குழாயில் சுண்ணாம்பாகப் படியும். டிடிஎஸ் மீட்டர் காட்டுவதோ கரைந்த உப்புகள் அனைத்தின் மொத்தம். அப்பார்ட்மென்ட் சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது. டிடிஎஸ் எண் ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஆகவே மீட்டர் 600 காட்டும் தண்ணீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 40 மி.கி. ஆகவும் இருக்கலாம், 400 ஆகவும் இருக்கலாம். சாஃப்ட்னருக்கு உப்புப் போட மெயின்டனன்ஸ்காரர் மறந்த வாரத்தில் கடினத்தன்மை மொத்தமும் உங்கள் வீட்டுக்கு வரும், மீட்டர் வாயே திறக்காது.

சரியான கருவி பெரும்பாலும் மெஷின் பெட்டிக்குள்ளேயே இருக்கும்: கடினத்தன்மை டெஸ்ட் ஸ்ட்ரிப். தண்ணீரில் ஒரு நொடி நனைத்து, உதறி, ஒரு நிமிடம் பொறுத்து, நிறம் மாறிய கட்டங்களை எண்ண வேண்டும். ஐரோப்பிய மெஷின்கள் ஜெர்மன் டிகிரியில் பேசும். ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு சுமார் 17.8 மி.கி. பல மெஷின்களில் நான்கு நிலைகள்: 7 டிகிரி வரை முதல் நிலை, 21-ஐத் தாண்டினால் நான்காவது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, கடினத்தன்மை 200 மி.கி. வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை போகலாம் என்றும் சொல்கிறது. 600 என்றால் கிட்டத்தட்ட 34 டிகிரி. மனிதர் குடிக்கலாம், மெஷின் தாங்காது.

இதற்குப் பயந்து சுத்தமான ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றுவது அடுத்த தவறு. தாதுக்களே இல்லாத தண்ணீரில் காபி வெறிச்சென்று இருக்கும். தண்ணீரின் மின்கடத்தும் தன்மையை வைத்து அளவறியும் சென்சார் உள்ள மெஷின்கள், தொட்டி நிறைந்திருக்கும்போதே ‘தண்ணீர் நிரப்பவும்’ என்று அடம்பிடிக்கலாம். 70 முதல் 90 மி.கி. கடினத்தன்மை இருந்தால் நாக்குக்கும் ஹீட்டருக்கும் சண்டை வராது. கணக்கு எளிது: குழாய்த் தண்ணீர் 300, ஆர்.ஓ. தண்ணீர் 15 என்றால், ஒரு பங்குக்கு மூன்று பங்கு கலந்தால் சுமார் 86. கையால் கலக்க வேண்டாம். கிருமி நீக்கம் ஆகாத டேங்கர் தண்ணீர் உள்ளே போய்விடும். ஆர்.ஓ. கருவியில் டிடிஎஸ் கன்ட்ரோலர் திருகு இருந்தால், அது யு.வி. வழியாக வந்த தண்ணீரைத்தான் கலக்கிறதா என்று சர்வீஸ்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு கால் சுற்று திருப்பி, இரண்டு டம்ளர் வழியவிட்டு, ஸ்ட்ரிப்பால் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், டேங்கர் சீசன் தொடங்கும்போதும் மறுபடி பாருங்கள்.

தொட்டிக்குள் போடும் ஃபில்டர் இரண்டு மாதம் வரும் என்று அட்டையில் இருக்கும். நான்கு பேர், நாளுக்கு எட்டு கப், அலசும் தண்ணீரும் சேர்த்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல். 50 லிட்டர் ஃபில்டர் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும்.

படிவு நீக்க வினிகர் ஊற்றாதீர்கள், ரப்பர் வாஷர்கள் கெடும். எலுமிச்சை உப்பும் வேண்டாம். சூட்டில் அது கால்சியத்தோடு சேர்ந்து கரையாத இன்னொரு படிவாகவே மாறலாம். மெஷினுக்கென்று விற்கும் மாத்திரை போதும்.

நேரடிக் குழாய் இணைப்பு

குழாயிலிருந்தே தண்ணீர் எடுக்கும் மாடல்களுக்குப் பொதுவாகக் குறைந்தது 1 பார் அழுத்தம் வேண்டும். பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீர்தான் 1 பார் தரும். மொட்டை மாடி டேங்குக்குக் கீழேயே இருக்கும் கடைசி மாடி வீட்டில் நான்கு மீட்டர்கூடத் தேறாது, 0.4 பார்தான் வரும். பிரஷர் பம்ப், தூசு ஃபில்டர், கை எட்டும் இடத்தில் ஸ்டாப் வால்வு என்று செலவு நீளும். வீட்டுக்குத் தொட்டி மாடலே உத்தமம்.

600 மி.மீ. என்றதும் தலையாட்டுவது

45 செ.மீ. உயர வகை மெஷின்கள் பலவற்றுக்கு, மெஷின் உட்காரும் குழியின் உள் அகலம் 560 முதல் 568 மி.மீ., உயரம் 450, ஆழம் 550 வேண்டும். மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டின் படத்தைக் கார்பென்டர் கையில் கொடுத்துவிடுங்கள். ‘டால் யூனிட் 600, தாராளமா போகும் சார்’ என்பார். வெளி அகலம் 600. இரண்டு பக்கமும் 18 மி.மீ. பிளைவுட் போனால் 564. உள்பக்கம் 0.8 மி.மீ. லேமினேட் ஒட்டினால் 562.4. இதுவரை சரி. பிளைவுட் 19, லேமினேட் 1 என்று ஆனால் 560, விளிம்பில் நிற்கிறது. பலகை நடுவில் இரண்டு மி.மீ. வளைந்தால் மெஷின் பாதி வழியில் சிக்கும். அகலத்தை முன், நடு, பின் என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டும். முகப்பு 595 மி.மீ. அளவில் இருப்பதால் சின்ன இடைவெளி வெளியே தெரியாது. ஆகவே இறுக்கமாகச் செய்வதைவிடத் தளர்வாகச் செய்வது மேல்.

குழியின் பின்பலகையை வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். மூடிவிட்டால் சூட்டுக் காற்று வெளியேறாது, உள்ளே ஈரம் தங்கும், பிளைவுட் ஊதும். காலி மெஷினே ஏறக்குறைய 20 கிலோ. தண்ணீரும் பீன்ஸும் சேர்ந்த மெஷினை அதன் சறுக்குச் சட்டத்தில் முன்னால் இழுக்கும்போது எடை முழுதும் முன்பக்கம் சாயும், எனவே பக்கத் திருகுகளை விட்டுவிடக் கூடாது.

முகப்பு கதவுபோல் பக்கவாட்டில் திறக்கும் மாடலா, முன்னால் இழுக்கும் மாடலா என்று கேளுங்கள். கதவு மாடலைச் சுவர் மூலையில் வைத்தால் பாதிதான் திறக்கும், தொட்டி வெளியே வராது. அடிப்பலகை தரையிலிருந்து 95 செ.மீ. அளவில் இருந்தால் பீன்ஸ் டப்பாவை மேலிருந்து பார்க்கலாம். ஓவன், மைக்ரோவேவ் எல்லாவற்றுக்கும் மேலே தூக்கி வைத்தால் தினமும் ஸ்டூல் தேடவேண்டும். தாளிக்கும் அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம். எண்ணெய்ப் புகை உள்ளே இழுபட்டுப் பிசுக்காகும். மரத்தூள் வேலை எல்லாம் முடிந்து வீடு துடைத்த பிறகே மெஷினைப் பெட்டியிலிருந்து எடுங்கள்.

பிளக்

1600 வாட் என்றால் 230 வோல்ட்டில் சுமார் 7 ஆம்பியர். 6 ஆம்பியர் சாக்கெட் போதாது, 16 ஆம்பியர் தனி லைன் வேண்டும், கூடவே மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. சாக்கெட்டை மெஷினுக்கு நேர் பின்னால் வைத்தால் பிளக்கின் பருமனால் மெஷின் முழுசாக உள்ளே போகாது. பக்கத்து அலமாரியில் வையுங்கள். ஐரோப்பிய உருண்டை இருமுனைப் பிளக்கைச் சில நம்மூர் சாக்கெட்டுகளில் அழுத்திச் செருகிவிடலாம், மெஷினும் ஓடும். ஆனால் அதன் எர்த் பக்கவாட்டுத் தகட்டில் இருக்கிறது, அது எங்கும் தொடாது. தண்ணீரும் ஹீட்டரும் சேர்ந்த பொருளில் இது விளையாட்டல்ல. அமெரிக்காவிலிருந்து தம்பி அனுப்பும் 120 வோல்ட் மெஷினுக்கு ஆசைப்பட வேண்டாம். இங்கே வாரன்டியும் கிடைக்காது.

பில்டர் தரும் ஜெனரேட்டர் பேக்கப் பல வீடுகளுக்கு 1 கிலோவாட்டுக்குள்தான். மெஷின் சூடேறியதும் ட்ரிப் ஆகும். படிவு நீக்கும் அரை மணி நேரத்தில் கரண்ட் போனால் அமிலம் குழாய்க்குள்ளேயே நிற்கும். கரண்ட் வந்ததும் மெஷின் கேட்கும் அலசலை முடித்துவிட்டுத்தான் காபி. மின்வாரியமான பெஸ்காம் பராமரிப்பு அறிவித்த நாளில் அந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

பீன்ஸும் சிக்கரியும்

காந்தி பஜாரிலோ மல்லேஸ்வரத்திலோ வழக்கமாக வாங்கும் 80:20 காபி-சிக்கரிப் பொடியை மெஷினில் போட்டால் வீட்டுக் காபி வரும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். வராது. சிக்கரி தண்ணீரை உறிஞ்சிப் பிசுபிசுக்கும், மெஷினின் நுண்ணிய சல்லடையை அடைக்கும். பீன்ஸ் டப்பாவில் பொடி போடவே கூடாது. கடையில் ‘சிக்கரி இல்லாமல், அரைக்காமல், மீடியம் ரோஸ்ட்’ என்று கேளுங்கள். பீபெர்ரி என்ற உருண்டைக் கொட்டையும் தாராளமாகப் போடலாம். எண்ணெய் மின்னும் கறுப்பு பீன்ஸ் டப்பா ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். பாதி டப்பா இருக்கும்போதே ‘பீன்ஸ் இல்லை’ என்று வந்தால் காரணம் அதுதான். அரைக்கும் அளவை கிரைண்டர் ஓடும்போது மட்டும் திருப்புங்கள். ஃபில்டர் காபி வேண்டுமென்றால் பித்தளை ஃபில்டர் தன் இடத்தில் இருக்கட்டும். மெஷினை வைத்து அதை ஒழிக்க முடியாது.

காய்ச்சிய பால்

நம் வீடுகளில் மட்டும் அதிகம் நடக்கும் தவறு இது. காய்ச்சி ஆறிய பாலில் மெஷினின் பால் குழாயைப் போடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத ஆடைத் துணுக்கு பால் குழாயின் குறுகிய வாயில் போய் ஒட்டும். முதல் நாள் நுரை குறையும், மூன்றாம் நாள் பால் துப்பும், ஐந்தாம் நாள் வெறும் ஆவி. பாக்கெட் பால் ஏற்கெனவே பாஸ்சரைஸ் ஆனது. காய்ச்சாமல், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிரோடு ஊற்றினால் நுரை நன்றாக எழும். 3% கொழுப்புள்ள டோன்டு பாலே போதும். பண்ணையிலிருந்து நேரடியாக வரும் பாலைக் காய்ச்சித்தான் ஆகவேண்டும். அதை ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். ஒவ்வொரு பால் காபிக்குப் பிறகும் குழாய் அலசல் ஓட்டுங்கள்.

சூடு போதவில்லை என்ற குறையும் வரும். நுரைத்த பால் நம் அடுப்புப் பால் அளவுக்குக் கொதிக்காது. டவராவில் ஆற்றும் வேலையே மிச்சம். காபி சூட்டை ‘ஹை’ வைத்து, தடித்த பீங்கான் கப்பை முதலில் வெந்நீரால் அலசுங்கள்.

கரப்பான்

இருட்டு, கதகதப்பு, ஈரம், பால் மிச்சம்: டால் யூனிட்டின் பின்புறம் சின்னக் கரப்பானுக்குச் சொர்க்கம். சக்கை டப்பாவையும் சொட்டுத் தட்டையும் தினமும் காலி செய்யுங்கள். இரண்டு மூன்று நாள் விட்டால் சக்கையில் பூஞ்சை வெளுக்கும். காபி இறங்கும் பகுதியான ப்ரூ யூனிட்டைக் கழற்றக்கூடிய மாடலையே தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை சோப்பில்லாமல் குழாயடியில் கழுவி உலர்த்துங்கள். பெஸ்ட் கன்ட்ரோல் ஆள் வந்தால் குழிக்குள் ஸ்ப்ரே அடிக்க விடாதீர்கள், மெஷினின் ஃபேன் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அலமாரியின் பின்மூலைகளில் ஜெல் வைத்தால் போதும். ஊருக்குப் போகும்போது தொட்டி, தட்டு, பால் டப்பா மூன்றையும் காலி செய்து, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள்.