சி டிரைவ் நிரம்பிவிட்டதா? மென்பொருளை மறுபடி இன்ஸ்டால் செய்யாமல் இன்னொரு டிரைவுக்கு மாற்றும் முறை

கொழும்பு கொட்டாஞ்சேனையில் என் சித்தப்பாவுக்கு ஒரு சின்ன அச்சகம் இருக்கிறது. கலியாணக் கார்ட், கோயில் திருவிழா நோட்டீஸ், அந்தியேட்டிக்குக் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் எல்லாம் அடிப்பார். ஆவணி பிறந்து கலியாண வேலை குவிந்த நேரத்தில் அவருடைய கணினியில் சி டிரைவின் கோடு சிவப்பாகிவிட்டது. 120 ஜிபி எஸ்எஸ்டி அது. பக்கத்திலேயே 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று முக்கால்வாசி காலியாகக் கிடந்தது.

விஸ்ட்ரீ போட்டுப் பார்த்தேன். எந்த ஃபோல்டர் இடத்தைத் தின்கிறது என்று சில விநாடிகளில் காட்டிவிடும், இந்த வேலைக்கு நான் வேறு எதையும் தொடுவதில்லை. கார்ட் வடிவமைக்கும் மென்பொருள் மட்டும் தன் படத்தொகுப்போடு சேர்த்து 38 ஜிபி பிடித்திருந்தது. அழித்துவிட்டு டி டிரைவில் புதிதாக இன்ஸ்டால் செய்யலாம் என்றால், போட்டுக் கொடுத்த தம்பி கனடாவுக்குப் போய்விட்டார். டிஸ்க்கும் இல்லை, சீரியல் நம்பர் எழுதிய தாளும் இல்லை. "பிள்ளை, அது போச்செண்டா நான் கடையைப் பூட்டவேணும்" என்றார் சித்தப்பா.

அப்படியே வெட்டி டி டிரைவில் ஒட்டினால் ஏன் வேலை செய்யாது? மென்பொருள் ஒரே ஃபோல்டரில் மட்டும் இருப்பதில்லை. விண்டோஸின் பதிவேடான ரெஜிஸ்ட்ரியிலும் ஷார்ட்கட்டுகளிலும் அதன் பழைய முகவரி, அதாவது சி டிரைவ் முகவரி, பதிந்திருக்கும். ஃபோல்டரை நகர்த்தினால் விண்டோஸ் பழைய முகவரிக்குப் போய்த் தேடிவிட்டு இல்லை என்று சொல்லும். அதனால் பழைய முகவரியை உயிரோடு வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் சரக்கை மட்டும் வேறு இடத்தில் வைக்கவேண்டும். இதற்கு விண்டோஸிலேயே ஜங்ஷன் என்று ஒரு வசதி உண்டு. கொழும்பின் காலி வீதியில் பூட்டிய கடைக் கதவில் "எதிர்ப்பக்கம் மாற்றப்பட்டுள்ளது" என்று ஒட்டியிருப்பார்களே, அது மாதிரி. வித்தியாசம் என்னவென்றால், மென்பொருளுக்கு இடம் மாறியதே தெரியாது.

முதலில் சுலபமான வழி இருக்கிறதா என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருந்து எடுத்த ஆப் என்றால் செட்டிங்ஸில் இன்ஸ்டால்ட் ஆப்ஸ் பட்டியலில் அதன் பக்கத்து மூன்று புள்ளியை அழுத்துங்கள். பெரும்பாலானவற்றுக்கு மூவ் என்று வரும். ஸ்டீம் விளையாட்டுகளுக்கு ஸ்டீமின் ஸ்டோரேஜ் பகுதியிலேயே நகர்த்தும் பொத்தான் இருக்கிறது. மொத்த டிரைவையும் புதிய எஸ்எஸ்டிக்கு மாற்றுவதானால் குளோன் செய்வதுதான், அதாவது டிரைவை அப்படியே பிரதி எடுப்பதுதான் முறை, அதற்கு குளோன்ஸில்லா இலவசம்.

நகர்த்தவே கூடாதவையும் உண்டு. விண்டோஸ் ஃபோல்டர், புரோகிராம் ஃபைல்ஸ் முழுவதும், யூசர்ஸ் முழுவதும், ஆன்டிவைரஸ், பிரின்டர் டிரைவர் பக்கமே போகாதீர்கள். பாமினி எழுத்துரு எல்லாம் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருப்பவை, அவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பெரிய மென்பொருள் ஒன்றின் ஃபோல்டர், அது மட்டும் போதும்.

சரி, வேலைக்கு வருவோம். கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். கார்ட் என்று வரும் இடத்தில் உங்கள் மென்பொருளின் ஃபோல்டர் பெயரைப் போடுங்கள்.

படி 1: தயார் செய்தல்

மென்பொருளை மூடுங்கள். டாஸ்க் மானேஜரைத் திறந்து அது பின்னணியில் ஓடுகிறதா என்றும் பாருங்கள். டி டிரைவ் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் ஆகியிருக்கவேண்டும், டிரைவின் மேல் வலது கிளிக் செய்து புரொபர்ட்டீஸில் பார்த்தால் தெரியும். எக்ஸ்ஃபேட் என்றிருந்தால் ஃபைல்களின் அனுமதி விவரங்கள் கூடவே வராது.

படி 2: நகல் எடுத்தல்

வெட்டி ஒட்டாதீர்கள். 2022இல் மின்வெட்டோடு வாழ்ந்த காலத்தில் பழகியது இது. பாதியில் கரண்ட் போனாலும் மூலப்பிரதி முழுதாக இருக்கவேண்டும். நான் பயன்படுத்துவது விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி. ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று தேடி, வலது கிளிக் செய்து அட்மினாகத் திறந்து இதைக் கொடுங்கள்:

ரோபோகாப்பி "சி:\புரோகிராம் ஃபைல்ஸ்\கார்ட்" "டி:\புரோகிராம்ஸ்\கார்ட்" /ஈ /காப்பிஆல் /எக்ஸ்ஜே /ஆர்:1 /டபிள்யூ:1

கடைசி இரண்டையும் விட்டுவிடாதீர்கள். ஒரு ஃபைல் திறக்கவில்லை என்றால் ரோபோகாப்பி இயல்பாக 30 விநாடிக்கு ஒரு தடவை, பத்து லட்சம் தடவை முயற்சி செய்யும். மணிக்கணக்கில் திரை அசையாமல் நிற்கும். 1 என்று கொடுத்தால் ஒரே ஒரு தடவை மறுபடி பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகும். முடிவில் வரும் அட்டவணையில் ஃபெயில்டு என்ற நிரலில் பூச்சியம் இருக்கவேண்டும். இடையில் நின்றுபோனால் அதே கட்டளையை மறுபடி கொடுங்கள், நகலானவற்றைத் தாண்டி மிச்சத்தை மட்டும் எடுக்கும்.

முகவரியின் கடைசியில், மேற்கோள் குறிக்கு முன்னால், சாய்கோடு போடக்கூடாது. போட்டால் இரண்டு முகவரியும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு பிழை வரும்.

படி 3: பழையதற்குப் பெயர் மாற்றுதல்

சி டிரைவில் உள்ள கார்ட் ஃபோல்டரை கார்ட்_பழையது என்று மாற்றுங்கள். அழிக்கவேண்டாம். பெயர் மாற்ற விடவில்லை என்றால் மென்பொருள் இன்னும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கணினியை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும்.

படி 4: ஜங்ஷன் போடுதல்

எம்கேலிங்க் /ஜே "சி:\புரோகிராம் ஃபைல்ஸ்\கார்ட்" "டி:\புரோகிராம்ஸ்\கார்ட்"

பார்க்க ஒரு வரிதான். ஆனால் இதில்தான் நான் ஒரு பின்னேரம் முழுவதும் மாட்டிக்கொண்டு நின்றேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், எம்கேலிங்க் என்று ஒன்றே இல்லை என்று சிவப்பு எழுத்தில் வந்தது. விண்டோஸ் 11இல் ஸ்டார்ட் பொத்தானை வலது கிளிக் செய்து டெர்மினலை அட்மினாகத் திறந்திருந்தேன். அது பவர்ஷெல், வேறொரு கட்டளைத் திரை. எம்கேலிங்க் பழைய கமாண்ட் பிராம்ப்டுக்கு, அதாவது சிஎம்டிக்கு, உள்ளேயே இருக்கும் கட்டளை, பவர்ஷெல்லுக்குத் தெரியாது. டெர்மினலிலேயே சிஎம்டி என்று தட்டி என்டர் அடித்துவிட்டால் போதும், பிறகு கட்டளை எடுபடும்.

அடுத்து, அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று பிழை. வெறும் ஃபோல்டர் ஒன்றை நானே உருவாக்கி வைத்திருந்தேன், அதற்குள் இணைப்பு வந்து உட்காரும் என்று நினைத்து. அப்படி இல்லை. சி டிரைவில் கார்ட் என்ற பெயரில் எதுவுமே இருக்கக்கூடாது, அந்தப் பெயரை எம்கேலிங்க்தான் உருவாக்கும்.

மூன்றாவது வரிசை. ரோபோகாப்பியில் முதலில் சரக்கு இருக்கும் இடம், பிறகு போகும் இடம். எம்கேலிங்கில் முதலில் இணைப்பு இருக்கவேண்டிய இடம், பிறகு சரக்கு இருக்கும் இடம். இரண்டிலும் சி முன்னால், டி பின்னால் என்று நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

கட்டளையை வாட்ஸ்அப்பில் அனுப்பி அங்கிருந்து எடுத்து ஒட்டுகிறவர்கள் மேற்கோள் குறியைக் கவனியுங்கள். வளைந்த குறியாக மாறியிருந்தால் கட்டளை ஓடாது. கையால் நேர்க்குறி போடுங்கள்.

சரியாக வந்தால் கார்ட் ஃபோல்டர் ஐகானில் ஒரு சின்ன அம்புக்குறி தெரியும். கறுப்புத் திரையை விரும்பாதவர்களுக்கு ஃப்ரீமூவ் என்று ஓர் இலவச மென்பொருள் இந்த வேலையையெல்லாம் தானே செய்யும். நான் கையால் செய்வதையே விரும்புகிறேன். எந்தப் படியில் நின்றது என்று தெரிந்தால்தான் திரும்பி வர முடியும்.

படி 5: சோதித்து அழித்தல்

மென்பொருளைத் திறந்து உண்மையான வேலை ஒன்றைச் செய்து பாருங்கள். சித்தப்பா பழைய கார்ட் ஒன்றைத் திறந்து, மணவறைப் படத்தை மாற்றி, ஒரு பிரதி அடித்துப் பார்த்தார். ஒரு வாரம் ஓடவிட்டுப் பிறகு கார்ட்_பழையது ஃபோல்டரை அழியுங்கள், இடம் அப்போதுதான் காலியாகும். அதற்குள் ஏதாவது சரிவரவில்லை என்றால் ஆர்எம்டிர் கட்டளையில் சி டிரைவ் முகவரியை மட்டும் கொடுங்கள், வேறு எதையும் சேர்க்காதீர்கள். இணைப்பு மட்டும் போகும், டி டிரைவில் உள்ளது அப்படியே இருக்கும். பழைய ஃபோல்டருக்கு மறுபடி பழைய பெயரைக் கொடுத்தால் முன்பிருந்த நிலைதான்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் போன மென்பொருள் திறக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். தினமும் பத்துத் தடவை திறப்பதை எஸ்எஸ்டியிலேயே விடுங்கள். கையில் காசு இருந்தால் கணினிக் கடைகள் இருக்கும் யுனிட்டி பிளாசா பக்கம் போய் இரண்டாவது எஸ்எஸ்டி ஒன்று வாங்கி அதற்கு மாற்றுவதுதான் என் விருப்பம்.

பின்சேர்க்கை: வெள்ளவத்தையில் இருந்து ஒரு அக்கா பின்னூட்டத்தில் கேட்டிருந்தார், எல்லாம் சரியாக ஓடியது, திடீரென்று ஒருநாள் மென்பொருளைக் காணவில்லை என்று. அவர் மாற்றியது யுஎஸ்பியில் செருகும் வெளி டிரைவுக்கு. பென் டிரைவ் ஒன்றை முதலில் செருகியதால் அது ஈ என்ற எழுத்தைப் பிடித்துக்கொண்டது, வெளி டிரைவ் எஃப் ஆகிவிட்டது. ஜங்ஷன் எழுத்தோடுதான் முகவரியை நினைவில் வைத்திருக்கும். டிஸ்க் மானேஜ்மென்டைத் திறந்து, அந்த டிரைவுக்கு பி மாதிரி யாரும் தொடாத எழுத்தாகக் கொடுத்து, பழைய இணைப்பை ஆர்எம்டிர் கொடுத்து எடுத்துவிட்டு பி முகவரியில் புதிதாகப் போடச் சொன்னேன். போட்டதும் திறந்துவிட்டது என்று அன்றிரவே எழுதியிருந்தார்.