மார்கழியில் முருங்கைக்காய் சாம்பார்

எங்க வீட்டுக் காய்கறிச் செலவு எகிறியதற்குக் காரணம் விலைவாசி இல்லை, என் பிடிவாதம்தான். ஞாயிற்றுக்கிழமையே வாரச் சமையலை எழுதிவைத்துவிட்டுப் பை தூக்குவேன். மார்கழி மழையில் முருங்கை காய்க்காது. இருக்கும் நாலு காயும் யானை விலை. சாம்பார் என்று எழுதியாச்சே, வாங்குவேன்.

பாளையங்கோட்டை மகாராஜநகர் உழவர் சந்தையில் ஒரு ஆச்சிதான் கேட்டாள்: "இதை ஏன்டி இந்த விலைக்கு வாங்குத? பங்குனி வரட்டும், நானே சும்மா தாரேன்."

அதிலிருந்து பட்டியலைக் கிழித்துப்போட்டேன். இப்போது சந்தையை ஒரு சுற்று பார்த்தபிறகுதான் சமையல் முடிவாகும். எது குவிந்துகிடக்கிறதோ அதுவே குழம்பு. தை மாதம் சிறுகிழங்கு. ஒவ்வொன்றாகத் தோல் சீவினால் விடிந்துவிடும். சாக்கில் போட்டுக் கட்டி, தரையில் நாலு தட்டுத் தட்டித் தேய்த்தால் பாதித் தோல் அதுவாகக் கழன்றுவிடும். சித்திரையில் நுங்கு, மாங்காய். குற்றாலச் சாரல் சமயம் ரம்புட்டான், மங்குஸ்தான். அதுவும் ஆசைக்குக் கொஞ்சம்தான்.

சீனியவரைக்காய் (கொத்தவரங்காய்) மலிவாகக் கிடைத்தால் கூடுதலாக வாங்கி, உப்புப் போட்டு அரைவேக்காடாக எடுத்து, மோரில் ஊறவைத்து, மொட்டைமாடி வெயிலில் வத்தல் போடுவேன். முதல் தடவை அவசரப்பட்டு டப்பாவில் அடைத்ததில் எல்லாம் பூசணம். ஒடித்தால் 'டக்'கென்று சத்தம் வரணும், அதுதான் பக்குவம்.

போன மார்கழியில் முருங்கைக்காய் வாங்கவே இல்லை. வத்தக்குழம்புதான். வீட்டுக்காரர் மட்டும் இன்னும் முனங்குகிறார்.