இன்டெக்ரிட்டி அவார்டு ஆரம்பிக்கிறீங்களா, இதெல்லாம் பண்ணிடாதீங்க

போன வாரம் தாம்பரம் பக்கம் ஒரு காலேஜ்ல வேலை பாக்குற ஜூனியர் லெக்சரர் ஒருத்தி ஃபோன் பண்ணா. அவங்க காலேஜ்ல அகடமிக் இன்டெக்ரிட்டி அவார்டு முதல் தடவையா குடுக்கப் போறாங்களாம், நேர்மையா படிக்கிற பசங்களுக்கும் அதுக்குத் துணையா நிக்கிற ஸ்டாஃபுக்கும். "அக்கா, மேடையில வாசிக்கிறதுக்கு எழுதியிருக்கேன், பாத்து சொல்லுங்க"ன்னு வாட்ஸ்அப்ல அனுப்பினா. மூணாவது வரியப் பாத்ததும் எனக்குப் பதறிடுச்சு. "முறைகேட்டைத் தைரியமாகப் புகார் செய்த மாணவி." ஆறு வருஷம் முன்னாடி நான் எழுதின அதே வரி.

சர்டிஃபிகேட்ல இனிஷியல் தப்பா வர்றது, ஷீல்டு லேட்டா வர்றது எல்லாம் நீங்களே கத்துப்பீங்க, அதை விட்டுடறேன்.

புகார் குடுத்தவங்களை மேடை ஏத்தாதீங்க

எங்க காலேஜ்ல அந்த வருஷம் செகண்ட் இன்டர்னலுக்கு முந்தின நாள் ராத்திரி கொஸ்டின் பேப்பர் ஃபோட்டோ ஒரு குரூப்ல சுத்திடுச்சு. செகண்ட் இயர் பொண்ணு ஒருத்தி, ஹாஸ்டல்ல இருக்கிறவ, காலைல எட்டு மணிக்கு ஸ்டாஃப் ரூம் வாசல்ல நின்னு என்கிட்ட மட்டும் காமிச்சா. பேப்பரை மாத்தினோம், நாலு பேர் மாட்டினாங்க, யார் சொன்னதுன்னு யாருக்கும் தெரியாது. அதோட விட்டிருக்கணும். அவார்டு கமிட்டி மீட்டிங்ல ஒருத்தர் "ஒரு கதை இருந்தாதான் கைதட்டு வரும்"னாரு, நானும் தலையாட்டிட்டு எழுதிக் குடுத்தேன், இப்போ நினைச்சாலும் எரிச்சலா வருது, அவர் மேல இல்ல, நான் ஏன் அந்தப் பொண்ண ஒரு வார்த்தை கேக்கலன்னு.

காலேஜ் டேல பேரைப் படிச்சாங்க. அன்னிக்கு ராத்திரியே கிளாஸ் குரூப்ல இருந்து அவள தூக்கிட்டாங்க. மெஸ்ல அவ உக்காந்த பெஞ்சுல வேற யாரும் உக்காரல, "போட்டுக் குடுத்தவ"ன்னே பேராகிப் போச்சு. ஃபைனல் இயர்ல எந்த டீமும் சேத்துக்கல, ப்ராஜெக்ட்டைத் தனியாவே முடிச்சா. ஒரே ஒரு தடவைதான் என்கிட்ட பேசினா, "மேடம், சொன்னதுக்கு நான் வருத்தப்படல, ஆனா கூப்பிடுறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டிருக்கலாம்." அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் ஒரு பையனோ பொண்ணோ என்கிட்ட வந்து எதுவும் சொல்லல. சொன்னா என்ன ஆகும்னு நாங்களே மைக் வச்சுக் காட்டிட்டோமே.

இன்டர்நேஷனல் சென்டர் ஃபார் அகடமிக் இன்டெக்ரிட்டின்னு ஒரு அமைப்பு இருக்கு, நேர்மை, நம்பிக்கை, நியாயம், மரியாதை, பொறுப்புன்னு அஞ்சு அடிப்படை சொல்லிட்டிருந்தாங்க, 2014ல தைரியத்தையும் சேத்து ஆறாக்கினாங்க. நாங்க அந்த ஆறாவதைப் புடிச்சுக்கிட்டு நாலாவதை விட்டுட்டோம்.

இப்போ நாங்க புகார் ஃபைலையும் அவார்டு ஃபைலையும் சேக்குறதே இல்ல. புகார் விசாரிக்கிற ஆள் அவார்டு கமிட்டில உக்காரக் கூடாது. மேடையில படிக்கப் போற வரிகளை அவார்டு வாங்கப் போறவங்க கிட்ட முன்னாடியே குடுத்து, பிடிக்கலன்னா மாத்துறோம், மேடையே வேண்டாம்னா பிரின்சிபால் ரூம்ல ஒரு லெட்டர், அவ்ளோதான்.

அப்போ யாருக்குக் குடுக்கிறதுன்னு கேப்பீங்க. போன வருஷம் ஃபிசிக்ஸ் லேப்ல ஒரு பையன் காம்பவுண்ட் பெண்டுலம் எக்ஸ்பெரிமெண்ட் செஞ்சு ஜி வேல்யூ, அதாவது புவியீர்ப்பு முடுக்கம், 9.3ன்னு வந்ததை அப்படியே ரெக்கார்டுல எழுதி, எங்க தப்பு வந்திருக்கும்னு கீழ ஒரு பாராவும் எழுதியிருந்தான், மத்த எல்லாருக்கும் சொல்லி வச்ச மாதிரி புக்ல இருக்கிற 9.8. அதை முதல்ல கவனிச்சுச் சொன்னது லேப் அட்டெண்டர் அண்ணன். ரெண்டு பேருக்கும் குடுத்தோம். வருஷா வருஷம் அசைன்மெண்ட் கேள்விய மாத்தி சீனியரோட பழைய நோட்டைப் பிரயோஜனமில்லாம ஆக்குற ஒரு மேடம், அவங்களுக்கும்.

சாஃப்ட்வேர் பர்சன்டேஜை வச்சு ஆள் எடுக்காதீங்க

எழுதினது வேற இடத்துல இருக்கிறதோட எவ்ளோ ஒத்துப்போகுதுன்னு காட்டுற காப்பி செக் சாஃப்ட்வேரைத்தான் சொல்றேன். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 ரெகுலேஷன்ல 10 சதவீதம் வரைக்கும் ஒத்துப்போனா தண்டனை இல்லன்னு இருக்கு, அதுக்கு மேல 40 வரை போனா திருத்தி ஆறு மாசத்துக்குள்ள திரும்பக் குடுக்கணும், 60 தாண்டினா ரெஜிஸ்ட்ரேஷனே கேன்சல். இது தீசிஸ், ரிசர்ச் பேப்பர் மாதிரி விஷயங்களுக்கு, அசைன்மெண்ட், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், ஆன்சர் ஸ்க்ரிப்ட் எல்லாம் இதுல வராதுன்னு அதுலயே எழுதியிருக்கு. ஆனா யுஜி அசைன்மெண்ட்ல "4 பர்சன்ட்தான்"னு ஒருத்தனுக்கு ஷீல்டு குடுத்த இடம் எனக்குத் தெரியும். காசு குடுத்து வேற ஆள வச்சு புதுசா எழுதி வாங்கினாலும் 4 வரும்.

"ஒரு கேஸ் கூட இல்லாத டிபார்ட்மெண்ட்"னு அவார்டு வேண்டாம்

வச்சீங்கன்னா அடுத்த வருஷத்துல இருந்து எல்லா டிபார்ட்மெண்ட்லயும் பிட்டை வாங்கிக் கிழிச்சுப் போட்டுட்டு பையனை வேற இடத்துல உக்கார வச்சிடுவாங்க, ரிப்போர்ட் எழுத மாட்டாங்க.

ஹெச்ஓடிங்களுக்கு மட்டும்

வேண்டாம். லைப்ரரி, லேப், எக்ஸாம் செல் கிளார்க், இவங்களையும் பாருங்க.

கேஷ் ப்ரைஸ்

வேண்டாம். புக் வாங்கிக் குடுங்க.

அந்த ஜூனியர் நேத்து ராத்திரி திரும்ப அனுப்பினா. அந்த வரிய எடுத்துட்டா, அவங்க காலேஜ்ல புகார் குடுத்த பொண்ணு பேரையும் லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டா. திங்கக்கிழமை அவள தனியா கூப்பிட்டு, என்ன வேணும்னு அவகிட்டயே கேக்கப் போறாளாம்.