ஜிஞ்சர் பியரைப் போத்தலில் அடைக்கும் முன் தெளிய வைப்பது எப்படி?

வீட்டில் புளிக்க வைக்கும் ஜிஞ்சர் பியர் கலங்கலாக இருந்தால், பலரும் ஈஸ்டையே குறை சொல்கிறார்கள். ஈஸ்ட் குளிரில் தானாகவே அடியில் படிந்துவிடும். ஆனால் இஞ்சியிலேயே உள்ள மாவுச்சத்து கொதித்துக் கஞ்சியாகிவிட்டால் எத்தனை நாள் வைத்தாலும் படியாது. ஆகவே தெளிவுக்கான வேலையை, இஞ்சிச் சாறு சூட்டைக் காண்பதற்கு முன்பே செய்து முடித்துவிட வேண்டும்.

நான்கு லீற்றருக்கு 250 கிராம் இஞ்சி போதும். தோல் சீவித் துருவி, கொதித்தாறிய நீர் இரண்டு கோப்பை விட்டுப் பிசைந்து, சுத்தமான வெள்ளைத் துணியில் பிழிந்து, சாற்றைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். மேலே மஞ்சள் நிறச் சாறு தெளிந்து நிற்க, அடியில் சுண்ணாம்பு போல ஒரு வெள்ளைப் படிவு இறுகியிருக்கும்; அதுதான் அந்த மாவு. இஞ்சிச் சாற்றில் தேன் கலந்து கொடுக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் அந்த வெள்ளையை விட்டுத் தெளிவை மட்டுமே இறுத்தெடுப்பார்கள். இங்கும் அதே பக்குவம்தான். காரம் கூடட்டும் என்று சக்கையைக் கொதிக்க விடுவது வேண்டாம். அதில் மிஞ்சியிருக்கும் மாவு முழுவதும் நீரில் இறங்கிவிடும்.

மூன்றரை லீற்றர் நீரைக் கொதிக்க வைத்து 500 கிராம் சீனியைக் கரைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் இறுத்த சாற்றையும், நான்கு தேசிக்காயின் வடிகட்டிய சாற்றையும் சேருங்கள். தேசிக்காய்ச் சாற்றைச் சேர்த்துக் கொதிக்க வைத்தால் அதிலுள்ள பெக்டின் என்ற பழப்பசையும் தன் பங்குக்குக் கலங்கலை உண்டாக்கும். மாவு போய்விட்டதா என்ற ஐயம் இருந்தால், கலவையில் ஒரு கரண்டி எடுத்து, அதில் மருந்துக்கடை அயடீன் ஒரு துளி விட்டுப் பாருங்கள். கருநீலமாக மாறினால் மாவு இருக்கிறது. சோதித்த கரண்டியளவைக் கொட்டிவிட வேண்டும், குடிக்கக் கூடாது.

கால் தேக்கரண்டி ஈஸ்டைச் சேர்த்து, குளிர்சாதனப் பெட்டிக்குள் நுழையக்கூடிய பாத்திரத்திலேயே, மூடியை இறுக்காமல் புளிக்க விடுங்கள். கொழும்பு வெக்கையில் ஒன்றிரண்டு நாளிலேயே நுரை எழுந்து அடங்கத் தொடங்கும். வாயுக் குமிழி மேலெழும் வரை மண்டியும் கூடவே கிளம்பிக்கொண்டிருக்கும் என்பதால், வெளியில் வைத்துத் தெளிவை எதிர்பார்ப்பதில் பயனில்லை. பாத்திரத்தை அப்படியே தூக்கி, குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டின் பின்பக்கத்தில், 4 பாகை செல்சியஸ் அளவிலான குளிரில் இரண்டு நாள் வையுங்கள். ஈஸ்ட் செயலடங்கி அடியில் படியும். இதைத் துணியில் வடிக்க முயல்வது வீண் வேலை. ஈஸ்ட் அணுக்கள் துணியின் கண்களைவிட மிகச் சிறியவை.

ஜெலட்டின் சேர்த்தால் தெளிவு விரைவுபடும் என்பது உண்மைதான். ஆனால் அது விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது என்பதால் சைவ வீட்டுக்கு ஆகாது. இஞ்சி மாவை ஒழுங்காக நீக்கியிருந்தால் அதற்குத் தேவையும் இல்லை என்பதே என் கருத்து.

தெளிந்ததை ஊற்றி எடுக்காமல், கொதிநீரில் கழுவிய மெல்லிய குழாயில் கொதித்தாறிய நீரை நிரப்பி, அதன் ஒரு முனையை மண்டிக்கு இரண்டு விரற்கடை மேலே பிடித்துத் தாழ்ந்த இடத்திலுள்ள போத்தலுக்கு இறக்குங்கள். குழாயை வாயால் உறிஞ்ச வேண்டாம். கடைசி ஒரு கோப்பையை ஆசைப்படாமல் விட்டுவிடுங்கள்; அதற்கு ஆசைப்பட்டால் முழுப் போத்தலும் மீண்டும் கலங்கிவிடும்.

கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் வாயு உண்டாகப் போதிய ஈஸ்ட் அதில் எஞ்சியே இருக்கும். சீனியும் நிறைய மிஞ்சியிருக்கும். எனவே சோடா விற்கும் பிளாஸ்டிக் போத்தல்களையே பயன்படுத்துங்கள், கண்ணாடி வெடிக்கக்கூடும். மேலே இரண்டு விரற்கடை இடம் விட்டு அடைத்து, வெளியில் வைத்து அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். போத்தல் கல்லாக இறுகியவுடன், நள்ளிரவாக இருந்தாலும், குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். சிறிதளவு மதுசாரம் உண்டாவதால் சிறுவர்களுக்கும் மதுவைத் தவிர்ப்போருக்கும் இதைக் கொடுக்காதீர்கள். ஒரு வாரத்துக்குள், மூடியை மெதுவாகத் திறந்து, அடியில் படிந்த மெல்லிய படலம் கிளம்பாதவாறு சாய்த்து ஊற்றிக் குடியுங்கள்.