பழைய பேய்ப்படத்தைப் புதுப்பித்த பிரதியில் பார்ப்பது எப்படி

முதலில் விளக்கை அணையுங்கள்; வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடென்றால் தாழ்வார வெளிச்சம் உள்ளே வராமல் திரைச்சீலையையும் இழுத்து மூடுங்கள். அப்புறம் டிவியில் அசைவை வழவழப்பாக்கும் அமைப்பை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பேய்கூட சீரியல் மாமியார் மாதிரிதான் தெரியும்.

சரி, 1922-இல் வந்த ஜெர்மானிய மௌனப் பேய்ப்படமான ‘நொஸ்ஃபெராட்டு’வை எடுத்துக்கொள்ளுங்கள்: இரவுக் காட்சிகளைப் பகலில் எடுத்துவிட்டு, பிரதியில் நீலச் சாயம் ஏற்றி இரவாக்கியிருந்தார்கள், அந்தச் சாயம் இல்லாத வெறும் கறுப்பு வெள்ளைப் பிரதிகளில் ரத்தக்காட்டேரி பட்டப்பகலில் சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு போவதால் பயத்துக்குப் பதில் சிரிப்புதான் வரும். நீலம் திரும்பிய பிரதியில் அதே காட்சி சில்லிடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள்.

படச்சுருளின் துகள்களை, அதாவது படமெங்கும் நெளியும் மணல் போன்ற புள்ளிகளை, அடியோடு துடைத்த பிரதி மட்டும் வேண்டாம். இருட்டு மூலையில் ஏதோ நெளிகிறதோ என்ற சந்தேகமே அந்தத் துகள்களில்தான் இருக்கிறது.